ஜன்னல் துடைப்பவனும் வில்லுப்பாட்டுக்காரனும்

ஈசா டவுன் பழைய சந்தையில் அரை தினாருக்கு ஒரு டிவிடி பெட்டி வாங்கினேன். பஹ்ரைனில் வேலை முடிந்து ஊர் திரும்பும் குடும்பங்கள் கழித்துவிட்டுப் போகும் சாமான்கள் எல்லாம் கடைசியில் அந்தச் சந்தைக்குத்தான் வந்து சேரும். கம்பளம், கால் உடைந்த நாற்காலி, குழந்தை சைக்கிள், யாரோ ஒருவரின் கல்யாண ஆல்பம். பெட்டியின் அட்டையில் வாயெல்லாம் பல்லாக ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். கையில் சின்னதாக ஒரு நரம்பு வாத்தியம். ஜார்ஜ் ஃபார்ம்பி. வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று விட்டுவிட்டுப் போனதாக இருக்க வேண்டும்.

இருபது வருடங்களுக்கு முன் மான்செஸ்டரில் முதுகலை படித்தபோது அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். நான் அறை எடுத்திருந்த வீட்டுக்காரப் பாட்டி, மழை பெய்யும் ஞாயிறு மதியங்களில் தொலைக்காட்சியில் பழைய பிரிட்டிஷ் பாட்டுச் சிரிப்புப் படங்களைப் போட்டுவிட்டுக் கூடவே பாடுவார். எனக்கு அப்போது பாதி வசனம் புரியாது. பாடத்துக்காகக் கற்ற ஆங்கிலம் வேறு, அந்தப் படங்களின் ஆங்கிலம் வேறு.

வாங்கிய அந்த மாரிக்காலத்தில் அப்பா எங்களோடு இருந்தார். நாகர்கோவில் வடசேரிக்காரர். எழுபத்தெட்டு வயது. ஆங்கிலம் தெரியாது. சும்மா ஓடட்டும் என்று ‘நோ லிமிட்’ படத்தைப் போட்டேன். 1935இல் வந்தது. விகன் ஊரில் புகைபோக்கி துடைப்பவரிடம் எடுபிடியாக இருக்கும் ஒருவன், தானே ஒட்டுப்போட்டுக் கட்டிய மோட்டார் சைக்கிளில் மேன் தீவுப் பந்தயத்துக்குப் போகிற கதை. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அரைமணி நேரம் கழித்துத் திரும்பிச் சொன்னார்:

“மக்ளே, இவன் நம்ம கிருஷ்ணனுக்க கூட்டாளி மாதிரில்லா இருக்கான்.”

ஒழுகினசேரி என்.எஸ். கிருஷ்ணனைத்தான் சொன்னார். எங்கள் ஊரில் அவரைக் கலைவாணர் என்று சொல்பவர்களைவிடக் கிருஷ்ணன் என்று சொல்பவர்கள் அந்தத் தலைமுறையில் அதிகம். அப்பா விளையாட்டாகச் சொன்ன அந்த வரியைப் பிடித்துக்கொண்டு மூன்று வருடமாகப் படித்ததில் தெரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் படங்களைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். 1929க்குப் பிறகு பேசும்படம் வந்ததும் இங்கிலாந்தின் ஸ்டூடியோக்கள் நேராகப் போய்க் கதவைத் தட்டியது மியூசிக் ஹால் என்ற பாட்டுக் கொட்டகைகளில். தொழிலாளிகள் சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கும் இடம் அது. ஒருவர் மேடையில் நின்று கேலிப்பாட்டுப் பாடுவார். பல்லவியை அரங்கமே திருப்பிப் பாடும். அங்கே பேர் வாங்கியவர்களைக் கதைக்குள் நிறுத்தி, இருபது நிமிடத்துக்கு ஒரு பாட்டு, கடைசியில் ஒரு துரத்தல், முடிவில் ஒரு கல்யாணம் என்று படம் எடுத்தார்கள். செலவு குறைவு. அமெரிக்க இசைப் படங்களின் பளிங்குப் படிக்கட்டும் நூறு நடனப் பெண்களும் கிடையாது. மழை நனைத்த செங்கல் தெரு, துணி காயும் முற்றம், ஒற்றை வாத்தியம்.

ஜார்ஜ் ஃபார்ம்பி 1904இல் லங்காஷயரின் விகனில் பிறந்தவர். அப்பாவும் பெயர் பெற்ற மியூசிக் ஹால் நகைச்சுவையாளர். மகனைக் குதிரை ஓட்டப் பழக அனுப்பிவிட்டார்கள். படிப்பு ஏறவில்லை. அப்பா 1921இல் இறந்தபிறகு அதே பாட்டுகளைப் பாடிக்கொண்டு மேடைக்கு வந்தார். 1934இல் ‘பூட்ஸ்! பூட்ஸ்!’ என்று மிகச் சிறிய செலவில் எடுத்த படம் வடக்கு இங்கிலாந்தில் ஓடியதும், ஈலிங் ஸ்டூடியோவின் பேஸில் டீன் அவரை அழைத்துக்கொண்டார். சில வருடங்களில் பிரிட்டனில் அதிகம் வசூலிக்கும் ஆண் நட்சத்திரம் அவர்தான். லண்டன்காரர்கள் கேட்டுச் சிரிக்கும் லங்காஷயர் பேச்சை அவர் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை.

1936இல் வந்த ‘கீப் யுவர் சீட்ஸ், ப்ளீஸ்’ படத்தில் ஒரு பாட்டு. ஜன்னல் துடைக்கும் தொழிலாளி ஒருவன், ஏணியில் நின்றபடி ஒவ்வொரு கண்ணாடிக்குப் பின்னாலும் தான் பார்ப்பதைச் சொல்கிறான். புதுமணத் தம்பதி, வயதான நடிகை என்று வரிசையாக. பிபிசி அதை ஒலிபரப்ப மறுத்தது. ஆபாசம் என்றார்கள். தெருவில் எல்லோரும் பாடினார்கள். எனக்கு அந்தப் பாட்டில் பிடித்தது அதன் கோணம். பெரிய வீட்டுக்காரர்களை அவர்கள் வீட்டுக்கு வேலைக்கு வருபவன் வெளியிலிருந்து பார்க்கிறான். அவனை யாரும் கவனிப்பதில்லை என்பதால்தான் அவனுக்கு எல்லாம் தெரிகிறது.

அதே பேஸில் டீன் வளர்த்த இன்னொருவர் கிரேஸி ஃபீல்ட்ஸ். பருத்தி ஆலை நகரமான ராச்டேலில் பிறந்தவர், சிறுவயதில் ஆலையில் வேலை பார்த்தவர். 1934இல் அவர் நடித்த ‘சிங் ஆஸ் வீ கோ’ படத்துக்குக் கதை எழுதியவர் நாவலாசிரியர் ஜே.பி. பிரீஸ்ட்லி. முதல் காட்சியிலேயே ஆலை மூடப்படுகிறது. கதாநாயகி சைக்கிளை எடுத்துக்கொண்டு பிளாக்பூல் கடற்கரைக்குப் போய்க் கிடைத்த வேலையெல்லாம் செய்கிறாள். கடைசியில் ஆலை திறக்கிறது. கொடியோடு பாடிக்கொண்டே தொழிலாளிகள் உள்ளே போகிறார்கள்.

மான்செஸ்டரில் இந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஈசா டவுனில் அப்பாவோடு பார்த்தபோது, “ஆலையை எதுக்குப் பூட்டுகான்?” என்று கேட்டார். பதில் சொல்லத் தொடங்கிய பிறகுதான் அது எங்கள் வீட்டுக் கதை என்று உறைத்தது. லங்காஷயர் துணிக்கு இந்தியாதான் பெரிய சந்தை. இந்திய ஆலைகள், ஜப்பான் துணி, உலகப் பொருளாதார வீழ்ச்சி, இவற்றோடு அந்நியத் துணி பகிஷ்காரமும் சேர்ந்துகொண்டது. 1931 செப்டம்பரில், வட்டமேஜை மாநாட்டுக்கு லண்டன் போன காந்தி, லங்காஷயரின் டார்வெனுக்குப் போய் வேலையிழந்த ஆலைத் தொழிலாளிகளைச் சந்தித்தார். தன்னால்தான் நமக்கு வேலை போயிற்று என்று தெரிந்தும் அந்தப் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று கையை உயர்த்தி ஆரவாரம் செய்யும் புகைப்படம் இருக்கிறது. என் தாத்தா வடசேரியில் கைத்தறி நெய்தவர். அந்தத் துணியால் தறி அவிந்த கதைகளைக் கேட்டுத்தான் அப்பா வளர்ந்தார். கிரேஸி ஃபீல்ட்ஸின் ஆலை மூடிய செய்தியை அவரிடம் விளக்கியதும் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பாவம், அதுகளும் கூலிக்காரிகதான” என்றார்.

இந்தப் படங்கள் நம் ஊருக்கு வந்து, அதைப் பார்த்து நம்மவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்று எழுதினால் கட்டுரை எளிதாக முடிந்துவிடும். நடந்தது அப்படியில்லை. பிரிட்டிஷ் படங்களை இந்தியர்கள் பார்க்க வேண்டும் என்று அரசாங்கம் விரும்பியது உண்மை. இந்தியத் திரையரங்குகளில் அப்போது அமெரிக்கப் படங்கள்தான் பெரும்பாலும் ஓடின. பிரிட்டனில் 1927இல் ஒரு சட்டம் போட்டு, அரங்குகள் இத்தனை சதவீதம் பிரிட்டிஷ் படம் காட்டியே ஆகவேண்டும் என்றார்கள். 1936க்குள் அது 20 சதவீதமாக உயர்ந்தது. அதே 1927இல் இந்தியாவிலும் ஒரு சினிமாக் குழு அமைக்கப்பட்டது. சாம்ராஜ்யத்துப் படங்களுக்குச் சலுகை தரலாமா என்பது அதன் முன்னிருந்த கேள்விகளில் ஒன்று. தலைவராக இருந்தவர் சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். குழு நாடெங்கும் போய் 353 சாட்சிகளை விசாரித்து, 1928இல் அறிக்கை கொடுத்தது. பிரிட்டிஷ் படத்துக்குத் தனிச் சலுகை தேவையில்லை, இந்தியப் படத்தொழிலை வளர்க்க வழி பாருங்கள் என்று சொன்னது. அரசாங்கம் அந்த யோசனைகளைக் கிடப்பில் போட்டது; ஆனால் சலுகையும் வரவில்லை.

அதனால் விகன்காரரும் ஒழுகினசேரிக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்து எதையும் எடுத்துக்கொண்டதாகச் சொல்ல ஆதாரம் ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரே காலத்தில் ஒரே மாதிரி இரண்டு பேர் முளைத்தது எப்படி என்பதுதான் கேள்வி. அதற்கு விடை படங்களில் இல்லை, படங்களுக்கு முந்தைய மேடையில் இருக்கிறது.

என்.எஸ். கிருஷ்ணன் 1908 நவம்பர் 29இல், அன்றைய திருவிதாங்கூரில் இருந்த நாகர்கோவிலின் ஒழுகினசேரியில் பிறந்தார். நான்காம் வகுப்போடு படிப்பு நின்றது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். வில்லுப்பாட்டுக் குழுவில் சேர்ந்தார். பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழு. வில்லுப்பாட்டு தெரிந்தவர்களுக்கு அதன் அமைப்பைச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மணி கட்டிய நீண்ட வில், அதை அடிக்கும் வீசுகோல், குடம், உடுக்கை. நடுவில் புலவர் கதை சொல்வார். பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு வரிக்கும் “ஆமா” போடுவார். அந்த ஆமாவில்தான் கிண்டல் வரும். புலவர் ராஜாவின் பெருமையைச் சொல்லும்போது ஆமாக்காரர் குரலைக் கொஞ்சம் இழுத்தால் போதும், கோவில் முற்றம் முழுக்கச் சிரிக்கும். மியூசிக் ஹாலில் பல்லவியைத் திருப்பிப் பாடும் அரங்கமும், கொடைவிழாவில் ஆமா போடும் பக்கப்பாட்டுக்காரரும் செய்வது ஒரே வேலையைத்தான். மேடையில் இருப்பவன் நம்மில் ஒருவன் என்று உறுதி செய்வது.

அவர் நடித்த ஆரம்பகாலப் படங்களில் ஒன்று 1936இல் வந்த ‘சதி லீலாவதி’. எம்.ஜி.ஆரின் முதல் படம். இயக்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். கதை எஸ்.எஸ். வாசனுடையது. அது திருமதி ஹென்றி வுட் என்ற ஆங்கில எழுத்தாளர் 1860இல் எழுதிய ‘டேன்ஸ்பரி ஹவுஸ்’ என்ற மதுவிலக்கு நாவலின் தழுவல். பிரிட்டனிலிருந்து தமிழ் சினிமாவுக்கு வந்தவற்றில் இப்படி நீதி சொல்லும் கதைகள் உண்டு. சிரிப்பை மட்டும் நாம் இறக்குமதி செய்யவில்லை. அது கைவசம் இருந்தது.

கிருஷ்ணன் செய்த புதுமை வேறு. தன் நகைச்சுவைப் பகுதியைத் தானே எழுதி, தானே பாட்டமைத்து, தன் குழுவோடு தனியாக எடுத்துக் கொடுப்பார். படத்துக்குள் இன்னொரு சிறு படம். அதில் டி.ஏ. மதுரம் அவருக்கு ஈடுகொடுத்தார். ‘வசந்தசேனா’ படத்துக்காகப் புனேக்குப் போன இடத்தில் அறிமுகமாகிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். கதாநாயகன் உயர்ந்த தமிழில் காதலைப் பாடிக்கொண்டிருக்கையில், இவர்கள் இருவரும் அடுப்படியிலும் சந்தையிலும் நின்று வீட்டுத்தமிழில் சண்டைபோட்டுப் பாடுவார்கள். ஃபார்ம்பியின் மனைவி பெரில், மேடை நடனக்காரி, கணவனின் கணக்கு வழக்கு, ஒப்பந்தம், சட்டைப்பைக் காசு வரை பார்த்துக்கொண்டவர். மதுரத்துக்கு அதைவிடக் கடினமான வேலை காத்திருந்தது.

1944 நவம்பரில் சென்னையில் மஞ்சள் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை செய்யப்பட்டார். டிசம்பரில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்ற மேல்முறையீடும் தோற்றது. பிறகு லண்டன் பிரிவி கவுன்சில். அது வழக்கை மறுபடி விசாரிக்கச் சொல்லி அனுப்ப, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். இடையில் மதுரம் அவர் பெயரில் நாடக சபா நடத்தினார். வழக்குச் செலவுக்காக ‘பைத்தியக்காரன்’ படம் தொடங்கப்பட்டது. விடுதலையானபின் கிருஷ்ணனுக்கும் அதில் காட்சிகள் சேர்த்து 1947இல் வெளியிட்டார்கள்.

இதை எழுதும்போது பக்கத்தில் இன்னொரு பட்டியலையும் வைத்துப் பார்க்கிறேன். போர்க்காலம் முழுவதும் ஃபார்ம்பி ராணுவ முகாம்களில் பாடினார். அவரைக் கேட்ட வீரர்கள் முப்பது லட்சம் பேர் இருக்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள். 1946இல் மன்னர் அவருக்கு ஓ.பி.இ. விருது கொடுத்தார். அந்த 1946 முழுக்கக் கிருஷ்ணன் சிறையில். ஒருவருக்குப் பதக்கம் கொடுத்த அதே முடியாட்சியின் நீதிபதிகள் லண்டனில் உட்கார்ந்து மற்றவரின் மனுவைப் படித்துக்கொண்டிருந்தார்கள். இதை வைத்து யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. கடைசியில் அந்த லண்டன் உத்தரவுதான் கதவைத் திறந்தது. அதே வருடம் தென்னாப்பிரிக்காவுக்குப் போன ஃபார்ம்பி, நிறம் பிரித்து உட்காரவைக்கும் அரங்குகளில் பாட மறுத்துக் கறுப்பின மக்கள் முன் பாடினார். தேசியக் கட்சித் தலைவர் மலான் தொலைபேசியில் கண்டித்தபோது பெரில் கெட்ட வார்த்தையில் பதில் சொன்னார் என்பார்கள். படத்தில் விழுந்து எழும் அசட்டு மனிதருக்குப் பின்னால் ஒரு வீம்பு இருந்திருக்கிறது.

ஆனால் இருவரும் ஒன்றில்லை. ஃபார்ம்பியின் பாட்டு ஜன்னலுக்கு உள்ளே பார்த்துக் கண்ணடித்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கிவிடும். கிருஷ்ணன் உள்ளே போய் வீட்டுக்காரரிடம் கேள்வி கேட்பார். 1949இல் வந்த ‘நல்லதம்பி’, அண்ணாதுரை எழுதியது. அதில் கிந்தன் சரித்திரம் என்ற காலட்சேபம் வருகிறது. நந்தனார் சரித்திரத்தின் கட்டமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு, சிதம்பரத்துக்குப் பதில் பட்டணம், தரிசனத்துக்குப் பதில் படிப்பு. தீண்டாமையால் ஊரில் அடிபட்ட சிறுவன் ரயிலேறிப் போய்ப் படித்து, கல்வி அதிகாரியாக அதே ஊருக்குத் திரும்புகிறான். நந்தன் நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது. கிந்தனுக்குப் பரீட்சை எழுதினால் போதும். உடுமலை நாராயண கவியின் வரிகளில், ஜால்ராவும் ஆமாவும் சேர, சிரித்துக்கொண்டே அதைச் சொல்லிவிடுகிறார்கள். பார்த்துச் சிரித்தபின்தான் நாம் எதற்குத் தலையாட்டினோம் என்பது தெரியும்.

பாகவதர் விடுதலைக்குப் பின் பழைய இடத்துக்கு வரவேயில்லை. கிருஷ்ணன் வந்தார். அவரே ‘மணமகள்’, ‘பணம்’ என்று படங்களை இயக்கினார். சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்துவந்து வில்லுப்பாட்டை நகரத்து மேடையில் ஏற்றியதிலும் அவருக்குப் பங்குண்டு. காந்தி இறந்ததும் நாகர்கோவிலில் தன் செலவில் நினைவுத்தூண் எழுப்பினார். 1957 ஆகஸ்ட் 30இல் இறந்தபோது வயது 48. ஃபார்ம்பி 1961 மார்ச்சில் போனார், 56 வயதில். இருவருக்கும் சிலை இருக்கிறது. விகனில் ஒரு கடைத்தொகுதிக்குள் ஃபார்ம்பி வாத்தியத்தோடு நிற்கிறார். தியாகராய நகரில் கலைவாணர் நிற்கிறார். 1969 பொங்கலன்று அதைத் திறந்துவைத்ததுதான் அண்ணாவின் கடைசிப் பொதுநிகழ்ச்சி.

இந்தப் படங்களின் வசீகரம் எதில் இருக்கிறது என்று கேட்டால், அந்தக் காலத்தின் வெகுளித்தனம் என்று சொல்லிவிடுவது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆலை மூடியது, தறி அவிந்தது, சிறை, போர் எல்லாம் பக்கத்திலேயே இருந்தன. பேச்சைக் கவனித்தால்தான் எனக்கு விஷயம் பிடிபடுகிறது. அதே காலத்தில் பிரிட்டனின் பெரிய பாட்டு நட்சத்திரம் ஜெஸ்ஸி மாத்யூஸ். ‘எவர்கிரீன்’ படத்தில் அவர் ஆடுவதைப் பார்க்க இன்றும் அழகு. லண்டன் சோஹோவில் காய்கறிக் கடைக்காரர் மகள். உச்சரிப்புப் பயிற்சி எடுத்துச் சீமாட்டி போலப் பேசக் கற்றுக்கொண்டார். அதில் தப்பில்லை, அப்படிப் பேசினால்தான் அந்த வேடம் கிடைக்கும். ஃபார்ம்பியும் கிரேஸியும் பயிற்சி எடுக்காமலே நாயகரானவர்கள். தெருப்பேச்சோடு ஒருவன் கதையின் நடுவுக்கு வந்து, பேச்சை மாற்றாமலே பெண்ணையும் பந்தயத்தையும் ஜெயிப்பதைப் பார்க்க ஆலைத் தொழிலாளிகள் காசு கொடுத்தார்கள்.

எனக்கு இது உறைப்பதற்குக் காரணம் உண்டு. சென்னையில் நான் சேர்ந்த முதல் நிறுவனத்தில் ஆறு வாரம் உச்சரிப்பைச் சரிசெய்யும் வகுப்பு நடந்தது. ஆங்கிலத்துக்குத்தான். ஆனால் தேநீர் இடைவேளையில் நான் “வந்தாம்லா” என்று சொன்னதைப் பயிற்றுநர் திருப்பிச் சொல்லிக் காட்ட, அறையே சிரித்தது. அன்றைக்கு நாஞ்சில் நாட்டுத் தமிழையும் கழற்றி வைத்தேன். மான்செஸ்டரில் ஒன்று, இங்கே கூட்டங்களில் ஒன்று என்று பேச்சை மாற்றி மாற்றி, இப்போது எந்த ஊர்க்காரன் என்று யாரும் என்னைக் கண்டுபிடிப்பதில்லை. தொழிலுக்கு அது நல்லது என்றுதான் நம்பியிருந்தேன்.

ஈசா டவுன் 1968இல் திறக்கப்பட்ட ஊர். பிரிட்டிஷ் பாதுகாப்பு முடிந்து பஹ்ரைன் சுதந்திரம் பெற மூன்று வருடம் இருந்தபோது. கோடு போட்டுக் கட்டிய தெருக்கள். எங்கள் தெருவில் மலையாளம், உருது, தகலோக், அரபி என்று எல்லாம் கேட்கும். அதில் என் மகளுக்குத் தமிழ் என்பது நானும் அவள் அம்மாவும் பேசுகிற, எந்த ஊரும் இல்லாத தமிழ். தாத்தா வந்த மூன்று மாதமும் அவள் அவரை ஒரு வெளிநாட்டுக்காரரைப் போலத்தான் கேட்டாள். அப்பா திரும்பிப் போவதற்கு முதல்நாள், மூவரும் உட்கார்ந்து கிந்தன் காலட்சேபத்தைப் பார்த்தோம். ஒவ்வொரு வரிக்கும் அப்பா “ஆமா” போட்டார். நான்காவது வரியில் அவளும் சேர்ந்துகொண்டாள்.

அப்பா இப்போது இல்லை. போன மாதம் வீட்டில் இணையம் அறுந்துபோனது. அலுவலகக் கூட்டத்துக்கு இன்னும் ஐந்து நிமிடம். நான் கேபிளைப் பிடுங்கி மாட்டிக்கொண்டிருந்தபோது மகள் உள்ளே வந்து விளக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“அப்பா, ரவுட்டர்ல கரண்டு இல்லல்லா.”

ஆமா என்றேன்.